ருசியில் தெரியாதது

பள்ளிப்பட்டு என்றால் எங்கே இருக்கிறது என்று வாசகர்களில் பலருக்குச் சட்டென்று தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்பதில் சர்க்காருக்கே ஒரு காலத்தில் சிக்கல் இருந்தது. சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து ஆந்திரத்தில் இருந்த ஊர் அது. எல்லைக் கிளர்ச்சியெல்லாம் நடந்து, படாஸ்கரின் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணியோடு சேர்த்துச் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும்.

என் தாய்மாமா இருப்பது அங்கேதான். கொஞ்சம் கழனி, கொஞ்சம் கரும்பு, நான்கு மாடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கிணறு என் தாத்தா வெட்டியது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி மாமா பேச ஆரம்பித்தால், கங்கையைப் பற்றிப் பேசுகிறாரோ என்று சந்தேகம் வந்துவிடும். துவரம் பருப்பு இரண்டு கொதியில் வெந்துவிடுமாம். சோப்பு நுரை பொங்குமாம். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் ஒரு சொம்பு குடித்துவிட்டு, "ஆஹா" என்று சொன்ன பிறகுதான் சாப்பாட்டுக்கு இலை போடுவார். நானும் முப்பது வருஷமாக அந்த "ஆஹா"வைத் தவறாமல் சொல்லி வந்திருக்கிறேன்.

சென்ற வருஷம் நான் போயிருந்தபோது வீட்டில் ஒரு மூன்று மாதக் குழந்தை இருந்தது. மாமாவின் மகன் வயிற்றுப் பேத்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்குப் பால் போதவில்லை. டப்பாப் பால் மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுத்துக் கொண்டிருந்தார்கள். கரைப்பதற்குக் கிணற்றுத் தண்ணீர். அதுவும் நன்றாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். "பத்து நிமிஷம் கொதிக்க விடுகிறேன்" என்றாள் அத்தை பெருமையாக. இதைவிட ஜாக்கிரதையாக ஒரு குழந்தையை வளர்க்க முடியாது என்றுதான் நானும் நினைத்தேன்.

அன்று காலை பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரைச் சோதிப்பதற்காக ஒரு பெண் வந்தாள். மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவள். 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தச் சோதனையைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. கையில் ஒரு சிறிய பெட்டி, அதற்குள் கண்ணாடிக் குப்பிகள், சொட்டு மருந்துகள், நிறம் அச்சிட்ட ஓர் அட்டை. பேத்தி அவளைக் கூப்பிட்டு, "அக்கா, எங்கள் கிணற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்" என்றாள்.

மாமாவுக்குச் சுருக்கென்றது.

"என்னடா இது, கிணற்றுக்குப் பரீட்சையா?" என்றார் என்னிடம். "எழுபத்திரண்டு வருஷமாக நான் குடிக்கிறேன். நானே ஒரு சர்டிபிகேட் இல்லையா?"

மாமா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே நியாயத்தைத்தான் உலகம் வெகு காலம் நம்பிக் கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்ற கதை சுவையானது. நம் ஊர்ப் பக்கத்திலேயே அதில் ஒரு பெரிய அத்தியாயம் நடந்திருக்கிறது.

நம் முன்னோர்கள் தண்ணீரைப் பார்க்காமல் குடித்தவர்கள் அல்லர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருஹத் சம்ஹிதையில், எந்த மரத்தின் அருகே தோண்டினால் எத்தனை ஆழத்தில் தண்ணீர் வரும் என்பதோடு, கலங்கிய, சுவையற்ற தண்ணீரைத் தெளிய வைக்க நெல்லிக்காயையும் தேற்றாங்கொட்டையையும் வேறு சில சரக்குகளையும் சேர்த்துக் கிணற்றில் போடும் முறையும் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும், புதுக் கிணற்றின் அடியில் நெல்லிக் கட்டையைப் போட்டதும் அந்த வழியில் வந்தவைதான். ஆனால் இவையெல்லாம் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரிகிற குற்றங்களுக்குப் பரிகாரம். தெரியாத குற்றத்துக்கு என்ன செய்வது?

அந்தக் கேள்வியைக் காலரா கேட்டது. 1854-ல் லண்டனில் ஸோஹோ என்ற பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற டாக்டர் செத்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களில் பெரும்பாலோர் பிராட் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று காட்டினார். அந்தக் குழாய்த் தண்ணீர் தெளிவாக இருந்தது; ருசியாகவும் இருந்தது. குழாயின் கைப்பிடியைக் கழற்ற வேண்டும் என்று அவர் சொன்னபோது, பலரும் அரை மனத்துடன்தான் கேட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, 1884-ல், ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டெடுத்தார். அதற்குப் பிறகு "கொதிக்க வைத்துக் குடி" என்பது வேதவாக்காகிவிட்டது. நம் அத்தையின் பத்து நிமிஷம் அந்த வேதத்தின் கடைசி சுலோகம்.

சென்னைக்கு அருகே கிண்டியில் ஒரு பழைய சிவப்புக் கட்டடம் உண்டு. கிங் இன்ஸ்டிடியூட் என்று பெயர். ராஜாவின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த கர்னல் கிங் என்பவரின் பெயர். 1899-ல் தோன்றிய அந்த நிலையம் முதலில் அம்மைப் பால் தயாரித்தது. பிறகு தண்ணீரையும் சோதித்தது. 1930-களில் அதன் டைரக்டராக இருந்தவர் ஷார்ட் என்ற ஐ.எம்.எஸ். டாக்டர். பஞ்சாபில் பிறந்த வெள்ளைக்காரர். மணல் ஈ காலா ஆசாரைப் பரப்பும் விதத்தை நிரூபித்தவர்களில் ஒருவராகவும், மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவராகவும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர். அவருடன் சி. ஜி. பண்டிட் இருந்தார், சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் முதல் டைரக்டரானவர். தண்ணீர் பரிசோதனையில் தேர்ந்த டி. என். எஸ். ராகவாச்சாரியும் இருந்தார். இந்த மூவர் கவனத்துக்கும் நெல்லூர் ஜில்லாவிலிருந்து ஒரு விசித்திரமான வியாதி வந்து சேர்ந்தது.

வானம் பார்த்த பூமி அது. நடு வயதுக் குடியானவர்களுக்கு முதலில் கைகால் மரத்தாற் போல் இருக்கும். பிறகு முதுகு விறைக்கும். கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். நாளடைவில் முதுகெலும்பு ஒரே கட்டையாகிக் கூன் விழும். சிலர் படுத்த படுக்கையாகிவிடுவார்கள். உழவு மாடுகள் நொண்டுவதைத்தான் குடியானவர்கள் முதலில் கவனித்தார்கள் என்று இந்த நோயின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். குழந்தைகளின் பற்களிலோ பழுப்புக் கறை. எந்தப் பல்பொடிக்கும் போகாத கறை.

ஜுரம் இல்லை, கிருமி இல்லை. கொதிக்க வைத்தும் பயன் இல்லை. அப்படியானால் என்ன?

இந்தப் பழுப்புப் பல்லைப் பற்றிய துப்பு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1901-ல் கொலராடோவில் ஒரு சிற்றூருக்குப் பல் வைத்தியம் செய்யப் போன மக்கே என்ற இளைஞர், அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் கறை இருப்பதைக் கண்டு, முப்பது வருஷம் அதன் பின்னாலேயே அலைந்தார். தண்ணீரில்தான் சூட்சுமம் என்று அவருக்குத் தெரிந்தது. தண்ணீரில் என்ன என்று தெரியவில்லை. 1931-ல் விடை வந்தது. அர்க்கன்ஸாஸில் பாக்ஸைட் என்ற ஊரில் அலுமினியக் கம்பெனி ஒன்று குடியேற்றம் அமைத்திருந்தது. அங்கேயும் குழந்தைகளுக்குக் கறைப் பல். அலுமினியப் பாத்திரத்தின் மேல் பழி வந்துவிடுமோ என்ற பயத்தில், கம்பெனியின் தலைமை ரசாயனி சர்ச்சில், அந்தத் தண்ணீரை அதற்கு முன் யாரும் சோதிக்காத அளவுக்கு நுட்பமாகச் சோதித்தார். ஃப்ளோரைடு இருந்தது, பத்து லட்சத்தில் 13.7 பங்கு. ஒரு வியாபாரக் கவலை செய்த உபகாரம் அது.

கிண்டி டாக்டர்கள் நெல்லூர்க் கிணறுகளை இந்தக் கண்ணோடு பார்த்தார்கள். 1937-ல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. நெல்லூர்க் குடியானவரின் முதுகை வளைத்தது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த ஃப்ளோரைடுதான். தண்ணீரால் எலும்பே இப்படிக் கெடும் என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டிய முதல் ஆராய்ச்சிகளில் அது ஒன்று. அதே 1937-ல்தான் டென்மார்க்கைச் சேர்ந்த ரோஹோம் என்ற டாக்டர், கிரையோலைட் கல்லை அரைக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளின் எலும்புகளைப் பற்றித் தம் பெரிய புத்தகத்தை வெளியிட்டார். அங்கே தொழிலாளிகள் கல் தூளை விழுங்கினார்கள். இங்கே கல்லைத் தண்ணீரே கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல் எப்படிக் கரைகிறது? தென்னிந்தியாவின் அடியில் இருப்பது பழைய கருங்கல் பாறை. அதிலுள்ள அப்பிரகம் முதலிய கனிகளில் ஃப்ளோரின் சிறிது சிறிதாக அடைந்திருக்கிறது. பாறை வெடிப்பில் தண்ணீர் எத்தனை காலம் தங்குகிறதோ, அத்தனை அதிகமாக அதைக் கரைத்துக் கொள்ளும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃப்ளோரைடை அது ஓரளவு பிடித்து நிறுத்திவிடும். சுண்ணாம்பு குறைந்த மெல்லிய தண்ணீரில்தான் ஃப்ளோரைடு தாராளமாக ஏறும். பருப்பு சீக்கிரம் வேகிற தண்ணீர் எது? சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர் எது? அந்த மெல்லிய தண்ணீர்தான்! நம் மாமாவின் இரண்டு பரீட்சைகளிலும் முதல் வகுப்பில் தேறக்கூடிய கிணறு, மூன்றாவது பரீட்சையில் தோற்றாலும் தோற்கலாம்.

உடனே பருப்பு வேகிற கிணற்றையெல்லாம் மூடிவிட வேண்டாம். நாக்கும் அடுப்பும் இந்த வழக்கில் சாட்சி சொல்ல லாயக்கில்லாதவை என்பதுதான் விஷயம்.

1940-ல் பண்டிட்டும் ராகவாச்சாரியும் வேறு இருவரும் சேர்ந்து மறுபடி எழுதினார்கள். ஒரே நோய் சில இடங்களில் குழந்தைகளின் பல்லோடு நிற்கிறது, சில இடங்களில் பெரியவர்களின் எலும்பு வரை போகிறது, ஏன் என்று ஆராய்ந்தார்கள். தண்ணீரோடு சாப்பாடும் அதில் சேர்ந்திருக்கிறது என்று கண்டார்கள். வயிறார உண்டவனைவிட அரை வயிற்றுக்காரனை இந்தத் தண்ணீர் சீக்கிரம் வளைக்கிறது. ஏழைக்கு நீதிமன்றத்தில்தான் தாமதம். வியாதியில் எப்போதும் முதலிடம்.

1937 என்ற வருஷத்தை இங்கே இன்னொரு காரணத்துக்காகவும் குறிப்பிட வேண்டும். அந்த வருஷம் மார்ச்சு 17-ம் தேதி பம்பாய் ஹைகோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், 1927 மார்ச்சு 20-ம் தேதி, டாக்டர் அம்பேத்கர் மஹாட் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான தாழ்த்தப்பட்ட மக்களோடு போய் சவுதார் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். குளம் தீட்டாகிவிட்டதென்று ஊரார் 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிச் சுத்தி செய்தார்கள். கவனியுங்கள்: சாணமும் கோமியமும் கலந்த குடங்களைக் குடிதண்ணீரில் கொட்டி, சுத்தமாகிவிட்டது என்று சொன்னார்கள்! அந்தக் குளத்தில் யாரும் இறங்கலாம் என்று அம்பேத்கர் பக்கமே 1937-ல் தீர்ப்பாயிற்று.

ஆக, ஒரே வருஷத்தில் இரண்டு தீர்ப்பு. தண்ணீரை யார் தொட்டால் என்ன என்றது ஒன்று. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது பார் என்றது மற்றொன்று. அதுவரை நாம் முதல் விஷயத்தில் மிகக் கண்டிப்பாகவும், இரண்டாவது விஷயத்தில் மிகத் தாராளமாகவும் இருந்தோம். எங்கள் வீட்டுக் கிணறும் விலக்கல்ல. காலனியிலிருந்து வருகிறவர்கள் கிணற்று மேடைக்குக் கீழே குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள்; வீட்டில் யாருக்காவது ஒழிந்தபோது ஊற்றுவார்கள். சிறு பையனாக நானே பார்த்திருக்கிறேன். ஊற்றியும் இருக்கிறேன். அப்போது அது எனக்கு ஒரு விளையாட்டு.

பெட்டியோடு வந்த பெண் காலனியைச் சேர்ந்தவள்தான்.

மாமா வாளியைத் தாமே இறைத்துக் கொடுக்கப் போனார். "நானே எடுக்கிறேன் ஐயா. குப்பியில் வேறு கை படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்றாள் அவள். மாமா கயிற்றைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு ஒதுங்கினார். அவள் மேடை மேல் ஏறி இறைத்தாள்.

முதல் குப்பியில் சிவந்த திராவகத்தை விட்டாள். ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் அந்தச் சிவப்பு மஞ்சளாக வெளிறும். வெளிறவில்லை, எல்லைக்குள்தான் இருந்தது. மாமா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். இரண்டாவது ஒரு கறுப்புக் காகிதப் பட்டை போட்ட புட்டி. குவாலியரில் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்தவர்கள் 1982-ல் எழுதி வெளியிட்ட சுலபமான முறையின் வழியில் வந்தது. மலக் கிருமி கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீரே கறுத்துவிடும். அதை மூடி ஓரமாக வைத்தாள். மூன்றாவது குப்பியில் நைட்ரேட் சோதனை. தண்ணீர் ரோஜா நிறமாயிற்று, சிவந்தது, இன்னும் சிவந்தது. அட்டையிலிருந்த கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீர் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1945-ல் அமெரிக்காவில் அயோவா என்ற விவசாயப் பிரதேசத்தில், காம்லி என்ற டாக்டரிடம் நீலம் பாய்ந்த சிசுக்கள் வந்தன. இருதயத்தில் கோளாறு இல்லை. ஆஸ்பத்திரியில் தானாகத் தேறிய குழந்தை வீடு திரும்பியதும் மறுபடி நீலமாயிற்று. வீட்டில் மட்டும் அப்படி என்ன இருக்கிறது என்று தேடினார். கிணறு இருந்தது, மாட்டுக் கொட்டிலுக்கு அருகே ஆழமில்லாத கிணறு. புட்டிப் பாலை அந்தத் தண்ணீரில் கரைத்திருந்தார்கள். எருவிலிருந்தும் உரத்திலிருந்தும் மழையோடு இறங்கிய நைட்ரேட், சிசுவின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அது அப்படிச் செய்வதில்லை. பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைக்குத்தான் ஆபத்து. எழுபத்திரண்டு வயது சர்டிபிகேட் இங்கே செல்லாது.

கொதிக்க வைத்தால்? அங்கேதான் நம் வேதம் பொய்த்துப் போகிறது. கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃப்ளோரைடும் உப்புகள், அவை சாவதற்கு உயிரில்லை. தண்ணீர் ஆவியாகப் போகப் போக, மிச்சத் தண்ணீரில் அவை இன்னும் திடமாகும். அத்தை பாசத்தோடு கொதிக்க விட்ட ஒவ்வொரு நிமிஷமும் எதிர்ப்பக்கம் வேலை செய்திருக்கிறது. இதைச் சொன்னபோது அத்தை சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை தூளியில் தூங்கிக் கொண்டிருந்தது. பேத்தி ஓடிப்போய் அதன் உதட்டையும் நகக்கண்ணையும் வெளிச்சத்தில் பார்த்தாள். ரோஜா நிறமாகத்தான் இருந்தன. அன்று மாலையே டாக்டரிடமும் காட்டினோம். ஒரு குறையும் இல்லை என்றார். மூன்று மாதமாக அந்த வீட்டில் எல்லோரும் அறியாமல் நடந்த கயிற்று மேல் நடை, விழாமல் முடிந்தது.

பெட்டிச் சோதனை உத்தேசமானதுதான். ஆகையால் ஒரு புட்டியில் தண்ணீரை அடைத்துக் குடிநீர் வாரியத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். பதில் வந்தது. லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பது நைட்ரேட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த எல்லை. எங்கள் கிணற்றில் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு. காரணம் தேட அயோவாவுக்குப் போக வேண்டியதில்லை. கிணற்றிலிருந்து பத்தடியில் மாட்டுத் தொழுவம். அதன் பின்னால் எருக்குழி. அதற்கும் பின்னால் மூட்டை மூட்டையாக யூரியா விழும் கரும்பு.

இந்த மாதிரிக் கிணறு நாட்டில் எத்தனை இருக்கும்! ஊர்ப் பொதுத் தண்ணீருக்குச் சட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது, கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. சொந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரர்தான் எல்லாம். அவரோ பாட்டன் வெட்டிய கிணற்றைச் சந்தேகிப்பது பாட்டனையே சந்தேகிப்பதாகும் என்று நினைக்கிறார். கிண்டியில் விஷயம் தெரிந்தது 1937-ல். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஜனங்களுக்கு ஃப்ளோரைடு இல்லாத காவேரித் தண்ணீரைக் கொண்டு போக, ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013-ல். நடுவில் 76 வருஷம். ஒரு மனிதன் கறைப் பல்லோடு வளர்ந்து, முதுகு வளைந்து, செத்தும் போகக்கூடிய காலம்.

இப்போது குழந்தைக்குப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். அதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள் அந்தப் பெண். ஓரமாக வைத்த புட்டியும் கறுக்கவில்லை. எருக்குழியைத் தோட்டத்தின் கோடிக்கு மாற்றியாகிவிட்டது. தொழுவத்தைப் பிரித்துக் கட்டக் கொஞ்சம் பணம் வேண்டும் என்கிறார் மாமா. கிணறு சரியாக இரண்டு மூன்று மழைக்காலமாவது ஆகுமாம். ஒரே நாளில் கெட்டது அல்லவே.

சென்ற தையில் மறுபடி போனேன். வழக்கம் போல் சொம்பு வந்தது. குடித்துவிட்டு வழக்கமான "ஆஹா"வுக்கு வாயைத் திறந்தேன்.

"இரு, சொல்லாதே" என்றார் மாமா. "அந்தப் பெண் நாளைக்கு வருகிறாள். அவள் சொல்லட்டும்."